ஒரே நிலத்துக்கு இரண்டு பத்திரம்

நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பதற்கு எழுத்து மூலமான சாட்சியம் இருக்கிறது. அது அக்காவின் டிரங்குப் பெட்டியில், குறுக்கே ஒரு கோணல் கோட்டோடு கிடக்கிறது.

ஆந்திர ராஜ்ஜியம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் நகரிப் பக்கம். எல்லையை எங்கே போடுவது என்று பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேப்பரை யார் படித்துச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து, நாங்கள் காலையில் ஆந்திராவிலும் சாயங்காலம் மெட்ராஸ் ராஜ்ஜியத்திலும் இருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, இருமல் முற்றியது. புருஷனை இழந்து வீட்டோடு வந்துவிட்ட அக்காதான் எங்கள் கிணற்று நிலத்தில் வருஷக்கணக்காகப் பாடுபட்டாள். நைனா கண்ணை மூடினால், பொம்பளைக்கு ஏது பங்கு என்று அவளை வரப்பை விட்டு இறக்கப் பங்காளிகள் தயாராக இருந்தார்கள். அதற்குள் நிலத்தை அவள் பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் செய்துவிட வேண்டும். எழுதாவிட்டால்தான் என்ன, நான் விட்டுக்கொடுக்க மாட்டேனா என்று பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"நீ நல்லவன்தான்டா. வரப்போறவ எப்பிடியோ" என்றாள் அக்கா.

பத்திர வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு ஒரே கவலை. ஆந்திரா முத்திரைத் தாளில் எழுதி, நாளைக்கு ஊர் மெட்ராஸோடு போய்விட்டால்? மெட்ராஸ் தாளில் எழுதி, ஊர் இங்கேயே இருந்துவிட்டால்? யோசித்து யோசித்து, உலகத்தில் எவனுக்கும் தோன்றாத உபாயத்தைக் கண்டுபிடித்தேன். புத்தூரில் ஆந்திரா தாள் வாங்கித் தெலுங்கில் ஒரு பத்திரம். அரக்கோணம் போய் மெட்ராஸ் தாள் வாங்கித் தமிழில் இன்னொன்று. அதே நிலம், அதே அக்கா. நைனா இரண்டிலும் பெருவிரலை வைத்தார். எங்கள் பக்கத்து ஆபீசே எந்த ராஜ்ஜியத்துக்குப் போகுமோ என்று, ரிஜிஸ்டர் செய்ய சித்தூர் பெரிய ஆபீசுக்குக் கிளம்பினோம். இவ்வளவு புத்திசாலியாகப் பிறந்துவிட்டேனே என்று பஸ்ஸில் எனக்கே கர்வமாக இருந்தது.

கார்வேட்டிநகரம் தாண்டியதும் நைனாவுக்கு இருமல் வந்தது. கர்வம் போய், இவர் போய்ச் சேர்வதற்குள் ஆபீஸ் போய்ச் சேர வேண்டுமே என்ற பயம் வந்தது.

ஆபீஸ் வாசலில் ஒரு கான்ஸ்டபிள் பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் வேறு ஏதோ வேலையாக வந்தவர். அது எனக்குத் தெரியவில்லை. என்னைப் பிடிக்கத்தான் நிற்கிறார் என்று, இரண்டு பத்திரத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக்கொண்டேன். எங்களைக் கூப்பிட்டதும், மடித்து வைத்திருந்ததை அப்படியே அதிகாரி மேஜையில் நீட்டினேன். அவர் பிரித்தார். தெலுங்குப் பத்திரத்தின் மடிப்புக்குள்ளிருந்து தமிழ்ப் பத்திரம் நழுவி விழுந்தது.

"இதேமிடய்யா?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டிலும் ஒரே பெருவிரல் இருப்பது தெரிந்தது. அவர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னது இதுதான்: மகளுக்கு என்று சொல்லிக் கிழவரை வண்டியேற்றிக்கொண்டு வருவான்கள், இடையில் தங்கள் பேருக்கு ஒன்று செருகி, அதிலும் ரேகை வாங்கிவிடுவான்கள், இந்த மாதிரிப் பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இது தீரும்வரை எதையும் பதிவு செய்ய மாட்டார். வேண்டுமானால் வாசலில் இருப்பவரைக் கூப்பிடுவார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கிடந்த தமிழ்ப் பத்திரத்தைப் பார்த்தாள். பிறகு நைனாவின் கறைபடிந்த பெருவிரலைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் பயம் எனக்கு அந்த நிமிஷம் விட்டுப்போயிற்று. அக்காவும் அதை நம்பிவிட்டாளோ என்ற பெரிய பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

நானே படிக்கிறேன் என்று கையை நீட்டினேன். அதிகாரி கையைத் தட்டிவிட்டார். வராந்தாவில் தன் முறைக்குக் காத்திருந்த ஓர் ஆளைக் கூப்பிடச் சொன்னார். திருமலையில் முடி கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தார் போலிருக்கிறது. மொட்டையில் பூசிய சந்தனம்கூட உதிரவில்லை. தமிழ் தெரியுமாம். மலையிலிருந்து இறங்கிய ஈரத்தில் பொய் சொல்ல மாட்டார் என்று அதிகாரி கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மொட்டைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பையில் இல்லை. துண்டில் இல்லை. லட்டுப் பொட்டலத்துக்கு அடியில் இருந்தது. அதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருபது தடவை படித்த பத்திரம்தான். இருந்தாலும், அரக்கோணத்து எழுத்தர் கைமறதியாக என் பெயரைப் போட்டிருந்தால்? அதைவிட மோசம், நானே என்னை அறியாமல் போடச் சொல்லியிருந்தால்?

அவர் சுலோகம் சொல்கிற ராகத்தில் ஆரம்பித்தார். ஜில்லா, தாலுக்கா, கிராமம். நைனாவின் தகப்பனார் பெயர். நைனாவின் பெயர். அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் மூச்சு விடவில்லை.

"என்னுடைய குமாரத்தி" என்று படித்து, அக்காவின் பெயரைச் சொன்னார்.

நைனாவுக்கு அப்போதுதான் விவகாரம் புரிந்தது. "ரெண்டும் அவளுக்குத்தான் சாமி. இவனுக்கு சின்ன வயசுலேர்ந்தே பயம். எந்த ராஜ்ஜியம் வந்தாலும் தப்பிச்சுக்கலாம்னு ரெண்டு எழுதிக்கினு வந்துக்கிறான்" என்றார்.

அதிகாரிக்குத் தமிழ் கேட்டால் புரியும் போலிருக்கிறது. அவர் மீசை அசைந்தது. தமிழ்ப் பத்திரத்தின் குறுக்கே நைனாவையே பேனாவால் கோடு போட வைத்தார். தெலுங்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டி, சம்மதமா என்று மூன்று முறை கேட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் ரேகை வாங்கினார். நிலம் அக்காவுடையதாயிற்று. பிற்பாடு எல்லை முடிவானபோது எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. என் உபாயத்துக்கு வேலையே வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். புத்தூர் வந்ததும் கையை நீட்டினாள்.

"அந்தத் தமிழ்ப் பத்திரத்த இங்க குடு."

"அது செல்லாதுக்கா."

"பரவால்ல, குடு."

அதன் பிறகு தமிழ் படித்த எவர் வீட்டுக்கு வந்தாலும், அக்கா மோர் கொடுத்து உட்காரவைத்து, அந்தப் பத்திரத்தை எடுத்து வந்து வாசிக்கச் சொல்வாள். தபால்காரர் வாசித்திருக்கிறார். வளையல்காரர் வாசித்திருக்கிறார். கல்யாணமாகி வந்த மறுவாரமே என் பெண்டாட்டியும் வாசித்தாள். வீட்டிலேயே இருக்கிற என்னை மட்டும் அக்கா ஒருநாளும் வாசிக்கக் கேட்டதில்லை.