கள்ளக்குறிச்சியின் இடக்கை

வெலிங்டன் நகரில் எங்கள் பகுதி நூலகத்தில் புத்தகம் எடுக்க யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கறுப்புப் பலகையின் மேல் புத்தகங்களை அடுக்கினால், அது தனக்குள் ஏதோ புரிந்துகொண்டு திரையில் நன்றி சொல்கிறது. முத்திரை இல்லை, சுருக்கொப்பம் இல்லை, ஓரத்தில் குறிப்பு எழுதவும் ஆள் இல்லை. சங்கராபுரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றித் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற எனக்கு இது ஏறக்குறையத் திருட்டாகவே படுகிறது. மகள் வீட்டோடு வந்து சில ஆண்டுகள் ஆகியும், வாசலைத் தாண்டும்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று நடையைக் குறைத்துக்கொள்கிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. வெளியே காற்று மட்டும் சட்டையைப் பிடித்து விசாரிக்கிறது.

அந்த நூலகத்தில் ஒரு தட்டு முழுக்கச் சண்டைப் பட நடிகர்களைப் பற்றிய புத்தகங்கள். வாழ்க்கை வரலாறுகள், படப்பிடிப்புப் புகைப்படங்கள், யாருக்கு எந்தப் படத்தில் எந்த எலும்பு முறிந்தது என்ற ஆராய்ச்சிகள். பேராசிரியர் ஒருவர் ஒரே ஓர் உதையைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார், அடிக்குறிப்புகளோடு. உதை வாங்கியவனுக்கு ஒரு வரிகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போய் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டுவேன். அந்த நடிகர்கள் எல்லோரும் அந்தரத்தில் நிற்கிறார்கள். எப்போது கிளம்பினார்கள், எங்கே இறங்கப்போகிறார்கள் என்று எந்தப் படமும் சொல்வதில்லை. கண் சொக்கும். சன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிய குன்று, கரியாலூர்ப் பக்கத்துக் கல்வராயன் மலைபோல ஒரு நொடி தெரியும். பிறகு அதன்மேல் வீடுகள் முளைத்துவிடும்.

இப்படி ஒரு புத்தகத்தை முதலில் எனக்குக் காட்டியவன் சூசை. கள்ளக்குறிச்சிப் பள்ளியில் என்னோடு படித்தவன். கருணாபுரத்தில் கொத்து வேலை செய்த குடும்பம். ஒரு ஹாங்காங் நடிகரின் படம் கள்ளக்குறிச்சிக்கு வந்த காலம் அது. ஊரில் எல்லா சலூன் சுவரிலும் அவர் சட்டையில்லாமல் நின்றார். புதுச்சேரியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் அவரைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தைச் சூசை வாங்கி வந்தான். அவனுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு உதை வராது. நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். அவன் படங்களைப் பார்த்துப் பழகுவான். அது நடிகரின் கதைதானே தவிரப் பயிற்சி நூல் அல்ல. வலது எது, இடது எது என்று அதில் யாரும் எழுதவில்லை. புத்தகத்தைத் திறந்து சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, சவரக் கண்ணாடி முன் நிற்பதுபோல எதிரே நின்றான் சூசை. நடிகர் வலது கையை நீட்டினால் இவன் இடது கையை நீட்டினான். ஒரு படத்தில் தரையில் இருந்த கால் அடுத்த படத்தில் எதிரியின் தாடையில் இருக்கும். நடுவில் நடந்ததையெல்லாம் சூசையே இட்டு நிரப்பினான்.

பிறகு அவன் தற்காப்புக் கலை சொல்லித்தரும் மாஸ்டர் ஆனான். சந்தைக்குப் பின்னால் உள்ள திடலில் விடியற்காலை வகுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை வெள்ளிமலைக்குக் கூட்டிப்போவான். சில முறை நானும் போயிருக்கிறேன். பனிமூட்டத்தில் ஆள் தெரியாது. வெண்மைக்குள்ளிருந்து கைகள் மட்டும் வந்து வந்து போகும், எல்லாம் இடக்கைகள். போட்டிகளில் எதிராளிகள் திணறிப்போவார்கள். விழுப்புரத்துக்காரர்கள் அதற்குக் 'கள்ளக்குறிச்சிக் கை' என்று பெயரே வைத்திருந்தார்கள். நாங்கள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

சென்ற மாதம் சூசை அழைத்தான். அவன் பள்ளிக்கு அங்கீகாரம் கேட்டிருந்த சங்கத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்திருக்கிறார். பிள்ளைகள் வணக்கம் வைத்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. வலது கை முட்டியை இடது உள்ளங்கையில் வைக்க வேண்டிய இடத்தில், திடல் முழுக்க மாற்றி வைத்து நின்றது. முறை நன்றாக இருக்கிறது, ஆனால் அத்தனையும் இடவலம் மாறியிருக்கிறது, மாஸ்டர் முதலில் தன்னைத் திருத்திக்கொண்டு ஆடிக் காட்டட்டும், அடுத்த முறை வரும்போது ஒப்புதல் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கீகாரம் இல்லாத பள்ளியின் சான்றிதழ் செல்லாது. சூசையிடம் பயிலும் பூங்கொடி, வெள்ளிமலைப் பெண், விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலைக்கு மனுச் செய்ய அந்தச் சான்றிதழுக்காகத்தான் காத்திருக்கிறாள்.

"இத்தினி வருசமா கண்ணாடியப் பாத்துக்கினு இருந்திருக்கேன்டா" என்றான் சூசை.

என் கை தானாகப் பேனாவைத் தேடியது. இடக்கை முன்னே வரக்கூடாது என்று அந்தச் சங்கத்தின் எந்த விதியில் இருக்கிறது, முதலில் விதிகளின் நகலைக் கேட்போம், மறுத்தால் மேல்முறையீடு என்று அடுக்கிக்கொண்டே போனேன். சூசை முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"நீ மனு எழுதினா ஜெயிச்சிடுவ, தாசில்தாரே. நீ ஜெயிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு வயசு தாண்டிடும்."

தாசில்தார் என்பது கேலி. அந்தப் பதவி உயர்வு வராமலே நான் ஓய்வு பெற்றது அவனுக்குத் தெரியும். சேலத்தில் ஒரு மாஸ்டரிடம் போய்க் கற்றுக்கொள்ளேன் என்றதற்கு, இந்த வயசில் பனியனோடு கடைசி வரிசையில் நிற்கச் சொல்கிறாயா என்று கேட்டான். போனில் எத்தனையோ பேர் சொல்லித் தருகிறார்களே என்றேன்.

"ஆயிரம் பேரு ஆடிக்கினு கீறான். எவனப் பாத்தாலும் எனக்கு எடது கைதான் தூக்குது. நம்ம புஸ்தகம் மழையில போச்சு. அங்க இருந்தா எடு. அப்ப மாரி நீ சொல்லு, நான் செய்யறேன்."

இருந்தது, புது அட்டையோடு. அதை நீண்ட நாள் வைத்திருக்க யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நூலகப் பெண்ணிடம் கேட்டேன். "கியா ஓரா" என்று மவோரி மொழியில் வணக்கம் சொன்னவர், அட்டைப் படத்தையும் என் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதியவர்கள் கீழே விழாமல் இருக்கக் கற்றுத் தரும் இலவச வகுப்பின் துண்டறிக்கையை அன்போடு நீட்டினார். என் நண்பர் ஒருவருக்கு வலது கை வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. மிகவும் வருந்துகிறேன் என்றார்.

அங்கே விடியும்போது இங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். மகள் வீட்டு மர மேடையில், ஊறுகாய் ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்து, வீடியோ அழைப்பில் பாடத்தைத் தொடங்கினோம். படத்தைக் காட்டினேன், சூசை இடக்கையை நீட்டினான். வலது என்று வாயால் சொன்னேன். வலது கை பாதி வந்து, வெட்கப்பட்டதுபோல உள்ளே போய், இடது வந்தது. புத்தகத்தை வைத்துவிட்டு நானே எதிரே நின்று வலக்கையை நீட்டிப் பார்த்தேன். அதற்கும் இடதுதான். அவன் பின்னால் பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். சூசை சிரிக்கவில்லை. விரல்களை விரித்துத் தன் இரண்டு கைகளையும், வேறு யாருடையவோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படியே சில நாட்கள் போயின. பிறகு ஒரு காலை, அவனுக்குக் காலை, சொன்னான்:

"உன் மூஞ்சி தெரிஞ்சா எனக்குக் கை மாறிப்பூடுது. திரும்பி நில்லுடா. முதுவக் காட்டு."

திரும்பி நின்றேன். எதிரே அடுக்கடுக்காக இந்த ஊரின் குன்றுகள், கீழே துறைமுகம், மெல்ல நகர்கிற ஒரு வெள்ளைக் கப்பல். பின்னால், ஜாடிமேல் சாய்ந்த ஒரு கையகலச் சதுரத்தில் கள்ளக்குறிச்சி. வலது கை முட்டியை இடது உள்ளங்கையில் வைத்தேன். வலக்கையை மெல்ல நீட்டினேன். பக்கத்து வீட்டுக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விட்டபடியே எனக்கும் பதிலுக்குக் கையசைத்தார். என் முதுகுக்குப் பின்னால் புழுதியில் பாதங்கள் உரசின. தொலைவில் பேருந்து ஒன்று ஒலியெழுப்பியது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"மாஸ்டருக்கு வந்துடுச்சி சார்" என்றாள் பூங்கொடி. "நீங்க திரும்பாதீங்க."

நான் திரும்பவில்லை. துறைமுகத்தைப் பார்த்தபடி அடுத்த அடியை எடுத்து வைத்தேன். எனக்குப் பின்னால், நான் பார்க்க முடியாத என் ஊர் அதே காலை எடுத்து வைக்கும் ஓசை கேட்டது.