வெயிலில் போட்ட பாய்

“வெயில்ல விட்டா புள்ள கறுத்துப்போவாள், டொக்டர்.”

எலும்பு நோவென்று மகளை என்னிடம் அழைத்து வந்த தாய் சொன்னதும், யுத்தகாலத்தில் கல்லடியில் இருந்த எங்கள் வீடு கண்முன் வந்தது. வயதுக்கு வந்து பெரியபிள்ளையான அக்காவை அம்மா இதே பயத்தில்தான் வெளியே விடாமல் உள்ளறையிலேயே வைத்திருந்தார். நல்லெண்ணெய் வாசமும் இருட்டுமான அறை. சில வருடங்களில் இடுப்பு நோவால் அக்கா சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள்.

நான் பெரியபிள்ளையானபோது அதே அறையில் அம்மா எனக்கும் பாய் விரித்தார். அக்கா சுவரைப் பிடித்தபடியே வந்து, அதை இழுத்துப்போய் முற்றத்து வெயிலில் போட்டாள்.

“எனக்கு நடந்தது காணும், போதும் அம்மா. இவள் இஞ்சதான் இருப்பாள்.”

விற்றமின் டி பற்றிய என் ஆராய்ச்சி அந்தப் பாயில்தான் தொடங்கியது.

மகளோடு வந்த அந்தத் தாயிடம் சொன்னேன்: “என்னைப் பாருங்க தங்கச்சி. நல்லாக் கறுத்துத்தான் இருக்கன். சுவரைப் பிடிக்காம நடக்கிறன்.”