முயல் கூண்டில் அகத்திக்கீரை

ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த கடைசிச் சோதனையில் ஒரு பொய் சொன்னேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

வயதானவர்களின் இதய வால்வில் சுண்ணாம்புச்சத்து படிந்து இறுகுவது ஏன் என்று ஆராய்வது எங்கள் ஆய்வகத்தின் வேலை. மனிதரில் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். முயலுக்குக் கொழுப்பு கலந்த தீவனமும் அளவுக்கு மீறிய வைட்டமின் டி-யும் கொடுத்தால் சில மாதங்களில் வந்துவிடும். பாதி முயல்களுக்கு மருந்தும் கொடுத்து, வால்வு தப்புகிறதா என்று பார்த்தோம்.

கூண்டுகளைக் கவனித்தவர் திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகைக்காரப் பெண்மணி. தற்காலிக வேலை, சீக்கிரம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வைட்டமின் ஏற ஏற முயல்கள் தீனி எடுக்காமல் மெலிந்தன. "இன்னா சார், நெய்ச்சோறு போட்டு சாவடிக்கிறீங்க?" என்பார் என்னிடம்.

ஒரு கிருத்திகையன்று விரதத்தோடு வந்தவர், பையிலிருந்து அகத்திக்கீரையை எடுத்து மெலிந்தவற்றுக்கு நீட்டினார். பசுவுக்குக் கொடுத்தால் சேரும் புண்ணியம் முயலுக்குக் கொடுத்தாலும் சேரும் என்று நினைத்திருக்கிறார். தீவனத்தைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் தடுத்திருக்க வேண்டும். நானும் திருத்தணிக்காரன், அன்று எனக்கும் விரதம்.

"எம்பேர்லயும் ஒரு பிடி குடும்மா" என்றேன்.

"ஆங், உங்க பேர்லதான் சார் நெறைய போடணும்!" என்று சிரித்தார்.

பிறகு தினமும் கொண்டுவந்தார். எனக்குத் தெரியும்.

முதல் தொகுதி முயல்களின் வால்வுகளை வெட்டிப் பார்த்தபோது, மருந்தே பெறாத சிலவற்றிலும் சுண்ணாம்பு இல்லை. கீரையில் வயிறு நிறைந்து தீவனத்தை ஒதுக்கியிருக்கின்றன. ஆய்வகத் தலைவர் கூண்டறைக்குப் போய், ஒரு தட்டின் அடியிலிருந்து காய்ந்த காம்பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். எங்கள் இருவரையும் அழைத்தார்.

"யார் போட்டது?"

"நான்தான் சார். வாயில்லா ஜீவன், துன்னாம கெடந்துது."

"இவருக்குத் தெரியுமா?"

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். பதிலை எனக்கே விட்டுவிட்டார்.

"தெரியாது" என்றேன்.

"ஆங், சாருக்குத் தெரியாது" என்றார் அவரும்.

நாளை முதல் வர வேண்டாம் என்றார் தலைவர்.

மாலையில் திருத்தணி ரயிலில் அந்தப் பெண்மணி வந்து என் எதிரே உட்கார்ந்தார். ஏன் பொய் சொன்னேன் என்று கேட்கப்போகிறார் என நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரக்கோணம் தாண்டியதும் என் பக்கம் குனிந்தார்.

"ஊட்ல இன்னும் சொல்லல சார். நம்மூர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்மா" என்றேன். அந்த ஒரு வாக்கை மட்டும் இதுவரை காப்பாற்றியிருந்தேன். ஏனென்றால் அது எனக்கும் வசதியாக இருந்தது.

மறுநாள் அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.