மாமா பார்த்த பாதிப் படம்

அண்ணனுக்கு மூச்சு அடங்கியபோது பக்கத்தில் இருந்தவர்கள்: மதினி. மகள். மருமகன். நான்.

அண்ணன் உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எட்டாவது படித்தார். நான் அதுவும் இல்லை. பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார்.

முதல் லீவில் வந்தபோது தாய்மாமா மகளைப் பேசி முடித்தோம். அவர்தான் மதினி. சீர்ப் பாத்திரம் வாங்க மதுரைக்குப் போன மாமா வெறுங்கையோடு திரும்பினார். போன இடத்தில் படம் பார்த்திருக்கிறார். பட்டாளத்துக்காரனும் அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணும் சண்டையில் பிரிகிற பழைய படம்.

"பிள்ளையைக் குடுக்க மாட்டேன் மாப்ள. படத்துல அவன் செத்துட்டான்னு தந்தி வந்துருச்சு. அந்தப் பிள்ள அழுத அழுகை இருக்கே!"

"பெறகு என்னாச்சு மாமா?" என்றார் அண்ணன்.

"பெறகென்ன? லைட்டப் போட்டாய்ங்க. சனம் வெளியே போச்சு. நானும் பஸ் ஏறிட்டேன்."

"முறுக்கு வித்தாய்ங்களா?"

"வித்தாய்ங்க."

"மாமா, அது இடைவேளை!"

மாமா நம்பவில்லை. லீவு ஆறு நாள்தான் பாக்கி. மறுநாள் மதியக் காட்சிக்கு அண்ணன் அவரைக் கூட்டிப் போனார். நானும் போனேன். அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. முடிவு அவருக்கும் தெரியாது.

இடைவேளையில் மாமா எழுந்தார். அண்ணன் துண்டைப் பிடித்து உட்கார வைத்தார். கடைசியில் அந்தப் பட்டாளத்துக்காரன் ஒற்றைக் காலோடு ரயிலை விட்டு இறங்கினான். மாமா எழுந்து நின்று கைதட்டினார்.

"பெருசு, உக்காருய்யா, மறைக்குது" என்றார் பின்னால் இருந்தவர்.

"என் மருமகன் வந்துட்டான்யா!" என்றார் மாமா.

வெளியே வந்து, "மாப்ள, நீ ரெண்டு காலோட வரணும்" என்றார்.

"வாரேன் மாமா."

அன்றே பாத்திரம் வாங்கினோம். நாலாம் நாள் கல்யாணம்.

அண்ணன் சண்டைக்கும் போனார். இரண்டு மாதம் கடிதம் வரவில்லை. கேட்டவர்களிடம் மதினி, "இப்பத்தான் இடைவேளை" என்றார். அழுது நான் பார்க்கவில்லை.

அண்ணன் முழுசாக வந்தார். பட்டாளம் முடிந்து பழங்காநத்தத்தில் குடியேறி, பசுமலையில் காவல் வேலை பார்த்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை. கடைசி மாதத்தில் நெஞ்சுச் சளி. அப்போதும் நர்சம்மாவைச் சிரிக்க வைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு நேரம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் கும்பிடு.

பட்டாளத்து வருடங்கள் போக, அண்ணனும் மதினியும் ஒரே வீட்டில் இருந்தது முப்பத்தாறு வருடம்.