போன மாசமே முடிந்த தெவசம்

இன்று காலை இலஞ்சியிலிருந்து தென்காசி போகிற பஸ்ஸில் என் மானம் போயிற்று.

மாதர் சங்கத்துத் தையல் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வகுப்புக்கு வாரேன் வாரேன்னீங்க, ஆளையே காணோமே?" என்றார்.

"அவுக போயி வருசம் திரும்பலை டீச்சர். தெவசம் முடியாம புதுசா எதையும் தொடங்கக் கூடாதுல்லா" என்றேன்.

சாரலுக்காகப் படுதாவை இறக்கியிருந்ததால் உள்ளே இருட்டு. பின்சீட்டில் எங்கள் தெரு மதினி இருந்ததை நான் பார்க்கவில்லை.

"ஏட்டி, தெவசம் போன மாசமே முடிஞ்சிட்டுல்லா! ஒன் வீட்டுல பாயசம் ரெண்டு மட்டம் வாங்கிக் குடிச்சேனே!"

பஸ்ஸே சிரித்தது, கண்டக்டர் உட்பட. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன் என் வீட்டுக்காரர். அவரை வைத்தே பொய் சொல்லிவிட்டேன்.

அவர் தையற்காரர். கடைசியாக அவர் கோத்த நீல நூல் மிஷின் ஊசியில் அப்படியே இருக்கிறது. நான் மிதித்தால் அது தீர்ந்துபோகும். இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

தென்காசியில் இறங்கி, தலை நிமிராமல் டீச்சர் பின்னாலேயே வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிஷின் உறையை எடுத்தேன். பழைய துணியில் அந்த நீல நூலாலேயே ஒரு தையல் ஓட்டினேன். கோணலாகத்தான் போயிற்று.

முதல் ரவிக்கை மதினிக்குத்தான். எவ்வளவு கோணலாக வந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் பஸ் ஏற வேண்டும்.

நீங்களெல்லாம் யாரைச் சொல்லித் தள்ளிப்போடுகிறீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.