மாவுக்குப் போர்த்திய கம்பளி

புளித்த மாவும் கம்பளியும் கலந்த வாசனை தெரியுமா உங்களுக்கு? நேற்று பீரோவை ஒழுங்குபடுத்தும்போது பழைய கம்பளியிலிருந்து குப்பென்று வந்தது. எத்தனை தடவை துவைத்தும் போகாத வாசனை... அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மைசூர் விஜயநகரில் சின்ன வாடகை வீடு. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை தயார், திங்கட்கிழமை சேர வேண்டும் என்று அவருடைய நண்பர் போன் செய்தார். அங்கே நாலு பேரோடு ரூம், மாசம் ஒரு தரம்தான் வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரை அனுப்ப எனக்கு மனசே இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று... மாவு ஆட்டுவது. எங்கள் ஏரியாவில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஆபீஸ் போகிற வீடுகள்தான் அதிகம். ஊறவைத்து ஆட்ட யாருக்கு நேரம்? மாடி வீட்டு டீச்சர் முதலில் ஒரு டப்பா கேட்டார், பிறகு எதிர் வீடு. ஓனர் கார் ஷெட்டில் கிரைண்டர் போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்தப் புண்ணியவானிடம் கார் இல்லை!

இன்றைக்குத் தொழில்முனைவோர் கூட்டங்களில் மேடையேற்றி, "உங்களுக்கு எது தூண்டுதல்?" என்று கேட்கிறார்கள். முதலீடு, மார்க்கெட் என்று ஏதேதோ சொல்லிவைக்கிறேன். புருஷனை ஓசூருக்கு அனுப்பப் பிடிக்கவில்லை என்று மைக்கில் சொல்ல முடியுமா?

டப்பா வியாபாரம் வயிற்றுக்குப் போதாது. தெருமுனையில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்திய ஷோபா அக்காவின் ஆர்டர் கிடைத்தால் என் வீட்டுக்காரர் ஓசூர் போக வேண்டாம். ஆனால் முதல் அண்டாவே சொதப்பல். நான் பிறந்து வளர்ந்த ராமாபுரத்து வெயிலில் மாவு சொன்ன பேச்சு கேட்கும். அதே நினைப்பில் மைசூர் மார்கழியிலும் சாயங்காலம் ஆட்டி மூடிவைத்தேன். காலையில் வைத்தது வைத்தபடி கிடந்தது. அதையே கொடுத்துத் தொலைத்தேன். இட்லி கல்லாக வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தரம் பார்க்கலாம், அதுதான் கடைசி என்றுவிட்டார் அக்கா.

சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் அண்டா, வீட்டுக்குள் கட்டிவைத்த அவருடைய ஓசூர் பை. அண்டாவை மூடிக்கொண்டே கேட்டேன்.

"ஏனுங்க, இதும் பொங்கலீன்னா?"

"பொங்கலீன்னா ஓசூரு. வேறென்ன பண்றது புள்ள?"

சொல்லிவிட்டு, வீட்டில் இருந்த ஒரே கம்பளியை எடுத்துவந்து அண்டாவைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்.

"அப்ப நமக்கு?"

"நாமென்ன இட்லியாவா ஆகப் போறோம்? குளுந்தா குளுந்துட்டுப் போகுது!"

என் பழைய சேலைகளை மடித்துப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்கப் படுத்தோம். அவ்வளவு குளிரில் அவ்வளவு சிரித்தது அதற்கப்புறம் இல்லை...

விடியும்போது ஷெட்டிலிருந்து சத்தம். "புள்ள, பொங்கிருச்சு! ஓடியா!" மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு கம்பளியில் வழிந்துகொண்டிருந்தது. நான் அழுதேவிட்டேன். ஹாஸ்டலில் ஷோபா அக்கா நின்றபடியே ஒரு இட்லியைப் பிட்டுத் தின்று, "நாளெயிந்த தினா கொடி" என்றார். நாளையிலிருந்து தினமும் கொடுங்கள்! வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஓசூர் பையைப் பிரித்துக் கொட்டினேன்.

இப்போது மைசூரில் எங்களுக்கு ஒரு யூனிட் இருக்கிறது. மாவு புளிக்கவென்றே கதகதப்பான ரூம், பட்டனைத் தட்டினால் போதும். ராமாபுரம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி சொந்தச் சம்பாத்தியத்தில் ஸ்கூட்டர் வாங்கி முதலில் என்னைத்தான் ஏற்றிக்கொண்டு போனாள். பெருமையாகத்தான் இருந்தது.

இது போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வளர்கிற தொழிலை நிறுத்தலாமா என்றார்கள் எல்லோரும். போன வருஷம் இரண்டாவது யூனிட் திறந்தோம்... ஓசூரில். அதைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை காலையில் கிளம்பினால் சனிக்கிழமைதான் வருகிறார்.

நேற்று போனில் அவரிடம் கம்பளியைப் பற்றிச் சொன்னேன். "இங்கயும் குளுருது புள்ள" என்றார்.

அன்றைக்கு மாவுக்கென்று விட்டுக்கொடுத்த கம்பளி. இரண்டு பேர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். நேற்று ராத்திரி முழுக் கம்பளியும் எனக்கே கிடைத்தது.