கடைசிப் பாட்டின் இரண்டு நிமிடம்

1. அறுபது நிமிடக் கேசட்

ஒரு சி.டி.யைக்கூட சி.டி.யாகக் கேட்காமலே நான்கு ஆண்டுகள் சி.டி. விமர்சனம் எழுதியவன் நான். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் திருத்தணியில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். கூடவே சென்னையிலிருந்து வந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு மேற்கத்திய இசை விமர்சகன். ஊரில் அந்தப் பதவிக்குப் போட்டி கிடையாது. வீட்டில் நல்ல சி.டி. செட் இருப்பதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். இருந்தது ஒரு டேப் ரிக்கார்டர். சி.டி. தபாலில் வந்ததும் மலையடிவாரத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த முனிரத்தினத்திடம் கொடுத்து, கேசட்டில் ஏற்றி வாங்கிக் கேட்பேன்.

அப்படி வந்தது அந்த சி.டி. அறுபதுகளில் கிட்டாரும் டிரம்ஸுமாக ஆங்கிலத்தில் பாடிய ஐந்து சென்னை இளைஞர்களின் இரண்டு எல்.பி. இசைத்தட்டுகளை ஒரே சி.டி.யில் சேர்த்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். மூல டேப் அழிந்துவிட்டதால், பழைய எல்.பி.க்களிலிருந்தே ஒலியை எடுத்துக் கீறல் நீக்கியவர் தாமோதரன் என்ற ஒலிப்பொறியாளர். அவர் பெயர் உறையில் சின்ன எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு பாட்டின் நீளமும் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. நான் பார்க்கவில்லை.

கேசட்டில் பேஸ் என்கிற அடித்தொனி காதை அடைத்தது. இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பாதியில் நின்றது. அதன் பிறகு வெறும் இரைச்சல். எனக்கு ஒரே கொண்டாட்டம். திட்டி எழுதுவது பாராட்டி எழுதுவதைவிட எளிது. "தவிலுக்குள் தலையை விட்டுக் கேட்பதுபோல் இருக்கிறது. ஐந்து பேர் பாடி முடித்த பாட்டைப் பொறியாளர் கத்தரிக்கோலால் முடித்துவைத்திருக்கிறார்" என்று எழுதினேன். அந்த வரியைப் பள்ளி ஆசிரியர் அறையில் இரண்டு முறை வாசித்தும் காட்டினேன்.

2. மொட்டைத் தலையில் சந்தனம்

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒருவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"சார், நான்தான் அந்தக் கத்தரிக்கோல் ஆளு. தாமோதரன்."

உள்ளே வரச் சொன்னேன்.

"பள்ளிப்பட்டு பக்கம்தாங்க நமக்கு. முடி குடுக்க வந்தேன். நீங்க வெட்டினது போக மிச்சம் இருந்துச்சு, அதை முருகனுக்குக் குடுத்துட்டேன்" என்று சிரித்தார். பையிலிருந்து கையடக்க சி.டி. பிளேயரை எடுத்து, ஹெட்ஃபோனை என் காதில் அவரே மாட்டினார். கடைசிப் பாட்டு.

கேசட்டில் நின்ற இடத்தில் அது நிற்கவில்லை. குரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கடைசியில் ஒரு குரலும் ஒற்றைக் கிட்டாரும் மட்டும் மிஞ்சின. இன்னும் இரண்டு நிமிடம். பேஸ் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"எதுல கேட்டீங்க சார்?"

"கேசட்ல."

"யாரு ஏத்தினது?"

"மலையடிவாரத்துல முனிரத்தினம்."

"அட, நம்ம முனியா! காவடிப் பாட்டுக்கு ஏத்தி வச்ச பேஸை அவன் எறக்கவே மாட்டானே!" தொடையில் தட்டிச் சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சார், கம்பெனில இதே மாதிரி கீறல் எடுக்க இன்னும் பன்னெண்டு பழைய தட்டு கெடக்குது. எனக்குன்னு வச்சிருந்தாங்க. மொதலாளி உங்க எழுத்தைக் காட்டி பம்பாய்க்கு அனுப்பறேன்னு சொல்லிகினு இருக்காரு. நீங்க ரெண்டு வரி எழுதினா போதும். வேலை எங்கிட்டயே நிக்கும்."

"எழுதறேன்" என்றேன்.

"சத்தியமா?"

"ஆங், எழுதறேன்."

3. தபால் பெட்டி

அன்று மாலையே முனிரத்தினத்தைப் பிடித்தேன். அவனுக்கு ஒரே பெருமை.

"அறுபது நிமிசக் கேசட்டு சார். ரெண்டாவது ஆல்பம் ஒரு சைடுல அடங்கல. டேப்பு தீரும்போது டக்குனு ஒரு சத்தம் வரும் பாருங்க, வாத்தியாருக்கு அது வேணாம்னு முன்னாடியே நிறுத்திட்டேன். எதுனா குறையா?"

குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து இரண்டு வரி எழுதினேன். உறையில் போட்டேன். மறுநாள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம்: "உங்கள் காது எங்கள் பத்திரிகையின் சொத்து. இனி மாதம் இரண்டு பக்கம் உங்களுக்கு." அந்தக் காது கேட்டது முனிரத்தினத்தின் கேசட்டை என்று எப்படிச் சொல்வது? பேருந்து நிலையத் தபால் பெட்டி வரை உறையோடு போனேன். உறையோடு திரும்பினேன். பன்னிரண்டு தட்டுகளும் பம்பாய்க்குப் போயின.

ஏழு ஆண்டுகள் கழித்து, பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் மூலையில் மைக் செட்டுக்குப் பின்னால் தாமோதரன் உட்கார்ந்திருந்தார். முடி வளர்ந்து நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் திட்டுக்குத் தயாரானேன்.

"வாங்க சார். சாப்டீங்களா?" என்றார். பிறகு ஸ்பீக்கரைக் காட்டி, "சத்தம் சரியா இருக்குதா சார்? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

கேலியா, இல்லையா, முகத்தில் தெரியவில்லை. "நல்லா இருக்கு" என்றேன். நான் சொன்ன விமர்சனங்களில், நடுவில் கேசட் இல்லாமல் நேரே காதால் கேட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

எதைக் கேட்டாயோ அதை எழுது. எதில் கேட்டாய் என்பதையும் எழுது. தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். அந்தப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. அந்த உறை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"கடைசிப் பாட்டு முழுதாகவே இருக்கிறது. பொறியாளர் தாமோதரனின் வேலையில் ஒரு குறையும் இல்லை, பிழை என்னுடையது."